கன்னுபிக் குன்றின் மண்

இத்தாலியின் வடமேற்கே பியெமோந்தே மாநிலத்தில், ஆல்பா நகரிலிருந்து சிறிது தொலைவில், பரோலோ என்றொரு சிற்றூர் இருக்கிறது. அதன் பழைய கோட்டைக்கு வடகிழக்கே, முதுகு நீண்ட ஒரு குன்று மெல்லத் தாழ்ந்து இறங்குகிறது. பெரிய உயரமில்லை, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 220 முதல் 320 மீட்டர் வரைதான். சுற்றிலும் நிற்கும் குன்றுகள் இதைவிட உயர்ந்தவை. ஆனாலும் இந்த லாங்கே மலைப்பகுதியில் வேறெந்தச் சரிவுக்கும் இல்லாத பெயர் இதற்கு இருக்கிறது. கன்னுபி என்பது அந்தப் பெயர். பக்கத்து ஊரான பிராவில் ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாத்துவரும் பழைய புட்டி ஒன்றின்மேல் ‘கன்னுபி 1752’ என்று எழுதியிருக்கிறது. பரோலோ என்ற ஊர்ப்பெயர் ஓர் ஒயினின் பெயராகப் புகழ்பெறுவதற்கு முன்பே, இந்தக் குன்றின் பெயரைத் தனியாக எழுதிவைக்கலாம் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

ஒரு குன்றின் மண் அதன் ஒயினை எப்படி உருவாக்குகிறது? ஒயின் உலகில் இதற்கு ஓர் ஆயத்தமான பதில் உண்டு: வேர் மண்ணிலிருந்து தாதுக்களை உறிஞ்சுகிறது, அந்தத் தாதுக்களின் சுவை பழத்துக்குப் போகிறது, அங்கிருந்து கோப்பைக்கு வருகிறது. கேட்க அழகான இந்தப் பதில் அறிவியலின் முன் நிற்பதில்லை. உண்மையில் நடப்பது இதைவிடச் சிக்கலானது. என் பார்வையில் இதைவிட வியப்பானதும்கூட. அதைப் புரிந்துகொள்ளக் கன்னுபியைவிட நல்ல இடம் இல்லை. ஏனென்றால் மண், வெயில், காற்று, திராட்சை வகை, மனிதக் கைகள், கடைசியில் நீதிமன்றம் என எல்லாமே இந்தச் சின்னக் குன்றின்மேல் வந்து சந்தித்திருக்கின்றன.

முதலில் மண். இன்று லாங்கே இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் கடல் இருந்தது. ஏறத்தாழ 1 கோடியே 16 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 72 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலகட்டத்தைப் புவியியலாளர்கள் தோர்த்தோனியன் என்கிறார்கள். இதே பியெமோந்தேயின் கிழக்கிலுள்ள தோர்த்தோனா நகரின் பெயரிலிருந்து 1858இல் கார்ல் மாயர்-ஐமர் சூட்டிய பெயர் அது. அந்தக் காலக் கடலடியில் நுண்ணிய களியும் வண்டலும் சுண்ணாம்புச் சத்தும் மெல்ல மெல்லப் படிந்து இறுகின. அப்படி உருவான சுண்ணாம்புக் களிப்படிவை மார்ல் என்பார்கள். தோர்த்தோனாவுக்கு அருகிலுள்ள ஊரின் பெயரால் கன்னுபியின் அடியிலுள்ள படிவுக்கு ‘சாந்தாகத்தா ஃபோசிலி மார்ல்’ என்று பெயர். ஆழத்தில் தோண்டினால் நீலம் பாய்ந்த சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருக்கும். மேலே வந்து வெயிலும் உறைபனியும் பட்டால் செதில்செதிலாக உதிர்ந்து வெளிறிப்போகும். லாங்கே மண்ணை வெள்ளை மண் என்று தொலைவிலிருந்து பார்ப்பவர் நினைப்பது இதனால்தான்.

கடல் விலகி நிலம் மேலெழுந்த பிறகும் இவை இன்றுள்ள செங்குத்தான குன்றுகளாக இருக்கவில்லை. அதற்குக் காரணம் ஓர் ஆறு. தனாரோ ஆறு முன்பு பிராவைக் கடந்து நேராக வடக்கே ஓடி, போ என்னும் ஆற்றில் கலந்தது. பின்னர், புவியின் நெடுங்கணக்கில் அண்மைக் காலம் என்று சொல்லத்தக்க ஒரு கட்டத்தில், கிழக்கே தாழ்வான படுகையில் ஓடிய வேறோர் ஆறு பின்னோக்கி அரித்துவந்து தனாரோவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. தாழ்வான பாதை கிடைத்ததும் தனாரோவும் அதன் கிளைகளும் வேகம்பிடித்து மென்மையான மார்லை ஆழமாக வெட்டின. பள்ளத்தாக்குகள் இறங்கின, சரிவுகள் கூர்மையாயின. அந்த வெட்டு நிகழ்ந்திராவிட்டால் லாங்கே இன்று மென்மையாக ஏறி இறங்கும் வயல்வெளியாகவே இருந்திருக்கும். நெபியோலோ திராட்சை இங்கே பழுத்திருக்காது.

பரோலோ ஒயின் வட்டாரத்தை மண்ணின் வயதை வைத்து இரண்டாகப் பிரிப்பது நெடுநாள் வழக்கம். மேற்கே லா மோரா, பரோலோ ஊர்களில் தோர்த்தோனியன் காலத்து மார்ல். கிழக்கே செர்ராலுங்கா, மோன்ஃபோர்த்தே பக்கங்களில் அதற்கும் மூத்த படிவுகள். மார்லும் மணற்கல்லும் அடுக்கடுக்காக மாறிவரும் இறுக்கமான, சுண்ணாம்பு மிகுந்த லெக்வியோ படிவு. இரண்டும் கன்னுபியில் சந்திக்கின்றன, அதனால்தான் அதன் ஒயினில் மேற்கின் மென்மையும் கிழக்கின் உறுதியும் கைகோக்கின்றன என்று பல புத்தகங்கள் எழுதிவிட்டன. இந்தச் சித்திரத்தை நான் முழுதாக ஏற்கவில்லை. இன்றைய நுணுக்கமான வரைபடங்கள் காட்டுவது வேறு: குன்றின் பெரும்பகுதி சாந்தாகத்தா மார்ல்தான், ஆனால் அதில் மணல் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கலந்திருக்கிறது. கன்னுபியின் கதைக்குச் சாவி இந்த மணலில் இருக்கிறது என்பதே என் எண்ணம்.

மணல் என்ன செய்கிறது? இங்கே கொடிகளுக்கு வழக்கமான பாசனம் கிடையாது. குளிர்காலப் பனியும் வசந்தகால மழையும் மண்ணில் இறங்கிச் சேர்வதே கோடை முழுவதற்குமான தண்ணீர். களி மிகுந்த மண் அதை இறுகப் பிடித்துவைக்கும். மணல் சீக்கிரம் விட்டுவிடும். இரண்டும் வண்டலோடு சரியான விகிதத்தில் கலந்த மண்ணில், மேல்பரப்பு வேகமாகக் காய்ந்து வெப்பமேறும், அடியில் மார்ல் ஈரத்தைச் சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டிருக்கும். ஜூன் மாதத்தில் கொடிக்குத் தண்ணீர்க் குறையில்லை. ஜூலை கடந்து காய் நிறம் மாறும் பருவம் நெருங்கும்போது ஈரம் மெல்லக் குறைகிறது. வேர் அதை உணர்ந்து இலைக்கு வேதிச்செய்தி அனுப்புகிறது. இலைத்துளைகள் சற்றே மூடிக்கொள்கின்றன. தளிர்நுனி வளர்வதை நிறுத்துகிறது. புதிய இலைக்கும் கொம்புக்கும் போயிருக்க வேண்டிய சர்க்கரை இனிப் பழத்துக்குப் போகிறது. பழமும் பெரிதாக ஊதுவதில்லை. சின்னப் பழத்தில் சாற்றோடு ஒப்பிடத் தோல் அதிகம். நிறமும் நறுமணத்தின் மூலப்பொருள்களும் துவர்ப்பின் பெரும்பகுதியும் அந்தத் தோலில்தான் இருக்கின்றன.

போர்தோ பல்கலைக்கழகத்தின் ஜெரார் செகேன் மெதோக் பகுதியின் சிறந்த தோட்டங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1986இல் ஒரு முடிவை எழுதினார். மண்ணின் வேதிப்பொருள்களுக்கும் ஒயினின் தரத்துக்கும் நேரடித் தொடர்பு எதையும் காட்ட முடியவில்லை. தொடர்பு இருந்தது மண் தண்ணீரைக் கொடியிடம் சேர்க்கும் விதத்தோடுதான் என்றார். அதே மரபில் கோர்னேலிஸ் வான் லேவனும் அவர் குழுவினரும் செந்தெமிலியோன் பகுதியில் மூன்று வகை மண், மூன்று திராட்சை வகைகள், 1996 முதல் 2000 வரை ஐந்து அறுவடைகள் எனச் சேர்த்து அளந்து 2004இல் வெளியிட்டார்கள். பழத்தின் பெரும்பாலான பண்புகளில் அந்தந்த ஆண்டின் வானிலைக்கே முதலிடம், மண்ணுக்கு இரண்டாமிடம், திராட்சை வகைக்கு மூன்றாமிடம் என்று வந்தது. வானிலையும் மண்ணும் கொடியைத் தொடும் வழி பெரும்பாலும் தண்ணீர்தான் என்பதும் தெரிந்தது. அங்கே வளர்வது வேறு திராட்சைகள், மண்ணும் வேறு. எண்களை அப்படியே லாங்கேவுக்கு எடுத்துவர முடியாது. ஆனால் இயங்கும் முறை ஒன்றே.

புவியியலாளர் அலெக்ஸ் மால்ட்மன் தாதுச்சுவைக் கதையை இன்னும் நேராக எதிர்கொண்டவர். பாறையிலுள்ள கனிமங்களுக்குச் சுவையோ மணமோ இல்லை. கொடி உறிஞ்சுவது கரைந்த சத்துகளைத்தான், அதுவும் மிகச் சிறிய அளவில். நொதித்தலுக்குப் பின் ஒயினில் எஞ்சும் அவற்றின் விகிதம் மண்ணிலிருந்த விகிதத்தைப் போல இருப்பதில்லை என்று அவர் விளக்குகிறார். ஒருவர் கன்னுபி ஒயினில் கடலின் சுவையை உணர்ந்தேன் என்றால் அவர் உணர்வை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த உணர்வுக்குக் காரணம் அந்தப் பழைய கடலடியில் படிந்த கோடி ஆண்டுப் பழமையான சிப்பி அல்ல. சிப்பியின் சுண்ணாம்பு செய்யும் வேலை வேறு. அது மண்ணைக் காரத்தன்மை உள்ளதாக்குகிறது, களித்துகள்களைத் திரளச் செய்து வேருக்குக் காற்றும் வடிகாலும் தருகிறது, இரும்புச்சத்தைக் கொடிக்கு எட்டாமல் பூட்டிவைக்கிறது. இரும்பு எட்டாத கொடியின் இலை மஞ்சளாகி வெளுக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபிலாக்சரா பூச்சி ஐரோப்பியக் கொடிகளின் வேரைத் தின்று அழித்த பிறகு, கன்னுபி உட்பட ஏறத்தாழ எங்கும் அமெரிக்க இனக் கலப்புள்ள வேர்ச்செடிமேல் ஒட்டுக்கட்டித்தான் நடுகிறார்கள். அந்த வேர்ச்செடிகளில் பல சுண்ணாம்பைத் தாங்காதவை. ஆகவே இந்த மண்ணைத் தொடுவது நெபியோலோவின் வேரே அல்ல. சுண்ணாம்பைத் தாங்கும் என்று மனிதர் தேர்ந்தெடுத்த இன்னொரு கொடியின் வேர். மண்ணின் தூய குரல் என்று பேசுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இனி நெபியோலோ. 1268இலேயே தூரின் நகருக்கருகே ரிவோலியில் எழுதப்பட்ட ஆவணத்தில் இதன் பெயர் வருகிறது. இவ்வளவு இடம்பார்த்து வளரும் திராட்சை அரிது. வசந்தத்தில் முன்னதாகத் துளிர்க்கும், இலையுதிர்காலத்தில் கடைசியாகப் பழுக்கும். துளிரை உறைபனி கருக்கலாம், பழத்தை அக்டோபர் மழை கெடுக்கலாம். கொம்பின் அடிக்கணுக்களில் காய்ப்பு இருக்காது; கவாத்து செய்யும்போது நீண்ட கொம்பு விட்டாக வேண்டும். பழம் முற்றவில்லை என்றால் புளிப்பும் துவர்ப்பும் நாக்கைக் கட்டிப்போடும். அதனால்தான் லாங்கே உழவர்கள் நல்ல சரிவுகளையெல்லாம் நெபியோலோவுக்கு விட்டு, சுமாரான இடங்களில் பார்பேராவும் தோல்செத்தோவும் நட்டார்கள். குளிர்காலத்தில் எந்தச் சரிவில் பனி முதலில் உருகுகிறதோ அங்கே நெபியோலோ என்பது அவர்கள் கையாண்ட கணக்கு. வெப்பமானி இல்லாத காலத்தில் ஒரு நிலம் வாங்கும் வெயிலை அளக்க இதைவிடத் துல்லியமான வழி இருந்திருக்காது.

கன்னுபியில் பனி சீக்கிரம் உருகும். தோட்டங்கள் முதன்மையாகத் தென்கிழக்கு நோக்கியவை. இரவுக் குளிரைக் காலை வெயில் கலைத்துவிடும், கோடைப் பிற்பகலின் கடும் வெயில் நேராக விழாது. மேற்கிலும் வடக்கிலும் ஆல்ப்ஸ் மலைகள் வளைந்து நின்று குளிர்காற்றைத் தடுக்கின்றன. அருகிலேயே உயர்ந்து நிற்கும் பக்கத்துக் குன்றுகள் பலத்த காற்றின் வேகத்தைக் குறைக்கின்றன. அதேசமயம் குன்று ஒரு தனி முதுகாக நிற்பதால் காற்று அதன்மேல் தேங்குவதில்லை; இரவில் கனத்த குளிர்காற்று சரிவில் வழிந்து பள்ளத்தாக்கில் இறங்கிவிடும். துளிரைக் கருக்கும் உறைபனி அங்கே கீழே தங்கும், நடுச்சரிவுக் கொடிகள் தப்பும். வரிசைகளைச் சரிவின் குறுக்கே, குன்றின் வளைவோடு வளைத்து நடும் பழைய முறையும் சேர்ந்துகொள்கிறது. மணலும் வண்டலும் கலந்த மண் ஒரு பெருமழையில் அடித்துப்போகாமல் அது தடுக்கிறது.

இவை எல்லாம் சேர்ந்து கோப்பைக்குள் என்ன செய்கின்றன? நெபியோலோவின் நிறம் இயல்பிலேயே வெளிர். அதன் தோலிலுள்ள அந்தோசயனின் என்னும் நிறமிகளில் பெரும்பகுதி எளிதில் சிதையும் வகையைச் சேர்ந்தவை. சில ஆண்டுகளிலேயே ஒயினின் ஓரம் செங்கல் நிறமாகும். ஆனால் துவர்ப்பு மிகுதி. பார்வைக்கு மெலிந்த ஒயின் நாக்கில் இத்தனை பலத்தோடு பிடிப்பது முதன்முறை குடிப்பவரைத் திகைக்கவைக்கும். செர்ராலுங்காவின் இறுகிய மண்ணில் அந்தத் துவர்ப்பு கெட்டியாகவும் நீண்டும் வருகிறது. பத்துப் பதினைந்து ஆண்டு காத்திருக்கச் சொல்கிறது. கன்னுபியில் துவர்ப்பு குறைவதில்லை, ஆனால் அதன் இழை நுண்ணியது. ரோஜா, காய்ந்த மூலிகை, அதிமதுரம், தார் என்று சொல்லப்படும் மணங்கள் முன்கூட்டியே திறக்கின்றன. மணல் மிகுந்த மண்ணின் நெபியோலோ மணத்தால் பேசும், களி மிகுந்த மண்ணின் நெபியோலோ உடற்கட்டால் பேசும் என்பது லாங்கேயில் பலரும் ஒப்புக்கொள்ளும் பட்டறிவு. கன்னுபி இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அதன் பெருமை பலத்தில் இல்லை, அளவில் இருக்கிறது.

ஆனால் கன்னுபி என்பது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? 2010இல் பரோலோ வட்டாரத்தின் தோட்டப் பெயர்களுக்குச் சட்டப்படி எல்லை வரைந்தார்கள். 11 ஊர்களில் 170 தோட்டப் பகுதிகள் குறிக்கப்பட்டன. கன்னுபிக் குன்றில் மட்டும் ஐந்து பெயர்கள்: நடுவே வெறும் கன்னுபி, சுமார் 15 ஹெக்டேர், அதைச் சுற்றி கன்னுபி போஸ்கிஸ், கன்னுபி முஸ்கத்தேல், கன்னுபி சான் லொரென்சோ, கன்னுபி வல்லெத்தா. மொத்தம் சுமார் 34 ஹெக்டேர். சுற்றியுள்ள நான்கு பகுதியினரும் விரும்பினால் வெறும் கன்னுபி என்றே எழுதிக்கொள்ளலாமா என்பதில் வழக்கு எழுந்தது. எழுதலாம் என்ற பக்கத்தில் மார்க்கேசி தி பரோலோ என்ற பழைய நிறுவனம் இருந்தது. கூடாது என்று பதினொரு உற்பத்தியாளர்கள் எதிர்த்தார்கள். மரியா தெரேசா மஸ்கரெல்லோ அவர்களுள் முன்னணியில் நின்றவர். 2012இல் ரோமின் நிர்வாக நீதிமன்றம் எதிர்த்தவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2013இல் மேல்நிலையிலுள்ள அரசு மன்றம் அதைப் புரட்டியது. இன்று 34 ஹெக்டேரும் கன்னுபிதான்.

எனக்கு இந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. குன்று ஒன்றுதான், படிவும் பெரும்பாலும் ஒன்றுதான். ஆனால் சரிவின் திசையும் உயரமும் மணலின் அளவும் நூறு மீட்டரில் மாறிவிடுகின்றன. வடகிழக்கு முனையில் தாழ்ந்திருக்கும் போஸ்கிஸ் ஒரு வகை, ஊரையொட்டிய முஸ்கத்தேல் இன்னொரு வகை. ஐந்து பெயர்களை முன்னோர் வைத்தது காரணமில்லாமல் அல்ல. மண்ணால் ஒயின் மாறுகிறது என்று சொல்லி விலை வைக்கும் ஓர் ஊர், அந்த வேறுபாட்டை எழுதவேண்டிய இடத்தில் அழித்துக்கொள்வது தன் வாதத்தையே பலவீனப்படுத்துகிறது. லுச்சானோ சந்த்ரோனே 1985 அறுவடையிலிருந்து கன்னுபி போஸ்கிஸ் என்ற பெயரை உலகறியச் செய்தவர். 2013 அறுவடை முதல் தன் ஒயினுக்குப் பேரப்பிள்ளைகளின் பெயர்களை இணைத்து அலெஸ்தே என்று பெயர் மாற்றினார். குன்றின் மிகப் பெயர்பெற்ற ஒயின்களுள் ஒன்று இன்று குன்றின் பெயரையே தாங்கவில்லை, சுவை மாறவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒரே தோட்டத்தின் பழத்தைத் தனியாகப் புட்டியில் அடைப்பது பரோலோவில் புதிய வழக்கம். ப்ரூனொத்தோ, வியெத்தி ஆகிய இரு நிறுவனங்களும் 1961 அறுவடையில் தொடங்கிவைத்தவை. அதற்கு முன் பல சரிவுகளின் பழத்தைக் கலப்பதே இயல்பு. மரியா தெரேசாவின் தந்தை பார்த்தோலோ மஸ்கரெல்லோ, 2005இல் மறையும்வரை, கன்னுபி, சான் லொரென்சோ, ருவே, லா மோராவின் ரொக்கே என்ற நான்கு தோட்டங்களின் பழத்தையும் ஒன்றாகவே நொதிக்கவைத்தார். ஓராண்டு வறட்சியில் ஒரு சரிவு தளர்ந்தால் இன்னொன்று தாங்கும் என்பது அந்த முறையின் அடிப்படை. கன்னுபிக்குள் ஈரம் பிடிக்கும் இடமும் விடும் இடமும் இருப்பதுபோலவே, நான்கு குன்றுகளைச் சேர்த்தும் அதே சமநிலையைத் தேடலாம். மண்ணை அவமதிக்கும் செயலாக இதை நான் பார்க்கவில்லை. மண்ணை மிக நன்றாக அறிந்தவரின் முறை இது.

மண் தந்ததை ஒயின் கூடம் மறைத்துவிடவும் முடியும். 1980களில் இளைய தலைமுறையினர் சிலர், பழத்தோலைச் சில நாள் மட்டுமே சாற்றில் ஊறவைத்து, 225 லிட்டர் புதிய ஓக் பீப்பாய்களில் ஒயினை முதிரவைத்தார்கள். மூத்தோர் பல வாரங்கள் ஊறவைத்துப் பெரிய பழைய பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் விட்டவர்கள். இன்றைய விதிப்படி பரோலோ 38 மாதங்கள் முதிர வேண்டும், அதில் 18 மாதங்கள் மரத்தில். எந்த மரம், எவ்வளவு புதியது என்பது செய்பவர் விருப்பம். புது மரத்தின் வனிலா மணம் ஏறிய ஒயினில் கன்னுபியையும் அடுத்த குன்றையும் பிரித்தறிவது கடினம். அந்தச் சண்டை இப்போது தணிந்துவிட்டது. பலர் பெரிய பீப்பாய்களுக்குத் திரும்பிவிட்டார்கள்.

இன்றைய கவலை வெயில். ஒரு காலத்தில் பத்தாண்டில் மூன்று நான்கு அறுவடைகள்தான் முழுதாகப் பழுத்தன. அதனால்தான் பனி முதலில் உருகும் சரிவுக்கு அவ்வளவு மதிப்பு. இப்போது பழுக்காத ஆண்டு அரிது. அக்டோபர் பாதிக்கு மேல் நடந்த நெபியோலோ அறுவடை பல ஆண்டுகளில் செப்டம்பர் இறுதிக்கே வந்துவிடுகிறது. 2003, 2017, 2022 போன்ற வறண்ட ஆண்டுகளில் ஈரத்தைச் சீக்கிரம் விட்டுவிடும் மணல், கொடியைத் தளிர் நிறுத்தும் அளவில் விடாமல் இலை உதிரும் அளவுக்கு வாட்டக்கூடும். முன்பு வெயில் படுவதற்காகக் குலையைச் சுற்றி இலையைக் கிள்ளியவர்கள் இப்போது நிழலுக்காக விட்டுவைக்கிறார்கள். வரிசைகளுக்கிடையே புல்லையும் பயறுவகைகளையும் வளர்த்து, கோடைக்கு முன் மடக்கிப்போட்டு மண்ணை மூடுகிறார்கள். மூத்த கொடிகளைப் பிடுங்கிப் புதிதாக நடும் இடங்களில் சுண்ணாம்பைத் தாங்கினால் மட்டும் போதாது. வேர் ஆழமாக இறங்கி அடி மார்லின் ஈரத்தைத் தொட வேண்டும், வறட்சியையும் தாங்க வேண்டும். இந்த ஆண்டு நடும் கொடி நாற்பது ஐம்பது ஆண்டுகள் நிற்கும். 2070இல் இந்தக் குன்றில் எப்போது மழை பெய்யும், எவ்வளவு நாள் மண்ணில் நிற்கும் என்று கணித்துத்தான் இன்று ஒருவர் வேர்ச்செடியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.